டேங்க் விட்ட பெருமூச்சு

ஸ்பேனரைக் கீழ வையுங்ணா. ஒரு நிமிசம். கழட்டுறதுன்னா எப்ப வேணும்னாலும் கழட்டலாம், அது எங்க ஓடிப்போகுது? ரெண்டு வருசமா இந்த டேங்க் இதே மோட்டார் ரூம்ல இதே மூலையிலதான் உக்காந்திருக்குது. மொதல்ல இந்த டீயைக் குடிங்க. சக்கரை தூக்கலாப் போட்டிருக்கேன். வெள்ளகோவில்ல இருந்து இந்த வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க.

பெரிய மாமா போன்ல என்ன சொன்னாருங்க? பிரஷர் டேங்க்கைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க, மாடியில தொட்டி வெச்சு லைன் குடுத்துருங்கன்னுதானுங்க? சொல்லியிருப்பாரு. பெரிய மாமான்னா என் வீட்டுக்காரரோட அண்ணன். எதுக்க டைல்ஸ் ஒட்டுன வீடு இருக்குதில்ல, அது அவங்களுது. அவரு காலையிலேயே மில்லுக்குப் போயிட்டாரு. உள்ள அக்கா இருக்குது. சாந்தாமணியக்கா. எனக்கு ஓரகத்தி. கதவு சாத்தியிருக்குதேன்னு பாக்காதீங்க, நேத்துச் சாயங்காலத்துல இருந்து அப்பிடித்தான். இந்த ஓட்டு வீடு எங்களுது. ரெண்டு வீட்டுக்கும் ஒரே போர், ஒரே மோட்டாரு. அவங்க வீட்டுக்குப் போற லைன் மட்டும் இந்த டேங்க்குக்குள்ள பூந்து போகும். எங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்லீங்க.

குழாயைத் திறந்தா மோட்டார் டக்குனு ஓடுது, டக்குனு நிக்குது. ஒரு குடம் ரொம்புறதுக்குள்ள பத்து தடவை டக்கு டக்கு. அதனால உள்ள இருக்கிற ரப்பர் பை கிழிஞ்சு போச்சு, டேங்க் செத்துப் போச்சுன்னு சொல்றீங்க. கிழியலீங்ணா. நான் சொல்றேன். நம்பலீன்னா அந்த மஞ்ச மூடியை எடுத்துட்டு வால்வை அமுத்திப் பாருங்க. தண்ணி வந்தா பை கிழிஞ்சிருக்குது. காத்து வந்தா பை நல்லா இருக்குது.

ம். என்ன வந்துச்சு? காத்துதான? நோஞ்சான் காத்துதான் வரும், ஆனா காத்து. ஒரு சொட்டுத் தண்ணி இருக்குதா விரல்ல? இல்லைல்ல.

இந்தப் பொம்பளைக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு பாக்குறீங்க. நான் பஞ்சர் கடைக்காரர் மகளுங்க. ஊதியூர் ரோட்டுல வளைவுல ஒரு கடை இருக்குமே, டயர் அடுக்கி வெச்சு, அதான் எங்கப்பா கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தா எனக்கு வீட்டுப்பாடமே டியூப் ஒட்டுறதுதான். தண்ணி டப்பாவுல டியூப்பை முக்கி, எங்க குமிழி வருதுன்னு பாத்து, அங்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கோணும். எட்டாவதுல சயின்ஸ் டீச்சர், காத்துக்கு எடை இருக்குதா, காத்துக்குத் தள்ளுற சக்தி இருக்குதான்னு கேட்டாங்க. லாரி டியூப் வெடிச்சு எங்கப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்ததைச் சொன்னேன். நீ உக்காரும்மா, உனக்குப் பாடமே வேண்டாம்னுட்டாங்க.

இந்த டேங்க்கை மாட்டுன அன்னிக்கு நானும் நின்னு பாத்தேன். உள்ள ஒரு ரப்பர் பை, பைக்குள்ள தண்ணி, சுத்தியும் காத்து, காத்து அமுக்குனா தண்ணி பீச்சியடிச்சுட்டுப் போகும்னு மாட்டுனவரு சொன்னாரு. அந்த வால்வைப் பாத்ததும், அட, இது நம்ம பைக் டியூப் வால்வாச்சேன்னு சொல்லிட்டேன். அவரு சிரிச்சாரு. சாந்தாமணியக்கா உடனே, "எங்க கோகிலாவுக்குத் தெரியாதது இல்லீங்க, அவங்கப்பா பஞ்சர் கடை"ன்னு சொல்லுச்சு. வெளியாளுக்கு முன்னால எங்கப்பா பஞ்சர் கடைன்னு சொல்லிக் காட்டுது பாத்தீங்களா? அப்பவே மனசுல வெச்சுக்கிட்டேன்.

பொறாமையான்னு கேட்டா, ஆமாங்க, பொறாமைதான். மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆனா எனக்குப் பொறாமை அந்த ஷவர் மேலதானுங்க, ஆளு மேல இல்ல. எங்க வீட்டுக் குழாயில தண்ணி எப்பிடி வரும் தெரியுமுங்களா? கோவிச்சுக்கிட்ட மருமக விருந்தாளிக்குக் காபி ஊத்துறாளே, அந்த மாதிரி. ஓட்டு மேல தொட்டி வெக்க முடியாது, தாழ்வாரத்து மேல வெச்சிருக்குது, அது என் தலைக்கு ஒரு முழம் மேல. அங்க இருந்து விழுந்தா என்ன வேகம் வரும்? அந்தப் பக்கம் அக்கா வீட்டுல ஷவரைத் திருப்புனா, சோன்னு ஒரு சத்தம். நான் இங்க உக்காந்து சோப்பு நுரையோட செம்புத் தண்ணிக்குக் காத்திருக்கையில அந்தச் சத்தம் செவுத்தைத் தாண்டி வரும். வயிறு எரியாதுங்களா? நீங்களே சொல்லுங்க.

அதோட நின்னிருந்தாக்கூடப் பரவால்லீங்க. எனக்கு ஒரே பொண்ணு, தன்ஷிகா. நாலரை வயசு. இப்பப் பால்வாடிக்குப் போயிருக்குறா, பன்னெண்டு மணிக்கு வந்துருவா. அவளைக் குளிக்க வெக்கறதுன்னா அந்தக் காலத்துல எங்க வீட்டுல ஒரு போரே நடக்கும். அண்டாவைச் சுத்தி ஓடுவா, ஈரக்கையோட நான் துரத்துவேன், கண்ணுல சோப்பு பட்டுருச்சுன்னு கத்துனான்னா ரோட்டுல பால் வண்டி ஓட்டிட்டுப் போற அவங்கப்பாவுக்குக் கேக்கும். முதுகுல ரெண்டு வெச்சு, தண்ணி ஊத்தி, தலையைத் துவட்டி, நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வருவேன். அழுதழுது விக்கிட்டே கழுத்தைக் கட்டிக்குவா. ஈர முடி என் தாடையில உரசும். தினமும் இதான் கூத்து. பெரிய ரோதனைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருப்பேன்.

போன வருசம் ஒரு நா அக்கா, "ஏன் கோகிலா புள்ளையை இந்தப் பாடு படுத்துற? குடு இங்க"ன்னு கூட்டிட்டுப் போச்சு. அவ்வளவுதானுங்க. கத்தல் இல்ல, அழுகை இல்ல. அரை மணி நேரம் கழிச்சு, தலையை நேர் வகிடு எடுத்து வாரி, பவுடர் போட்டு, கையில ஒரு பிஸ்கட்டோட வந்து நிக்குறா. "அம்மா, பெரியம்மா வீட்டுக்குள்ள மழை பேயுது"ங்கறா. மறுநாள் காலையில எந்திரிச்சதும் துண்டை அவளே தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டா. அதுக்கடுத்த நாளும் அப்பிடியே. அண்டாவைத் திண்ணைக்கடியில சாய்ச்சு வெச்சேன், அதுல எங்க நாய் குட்டி போட்டுருச்சு.

நல்லதுதானேன்னு சொல்லுவீங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம். நானும் எல்லாருகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். ஆனா அந்தச் சோப்பு வாசம் இருக்குது பாருங்க. நாங்க போடுறது மஞ்ச கலர் சோப்பு, வேப்பெண்ணை வாசம். அக்கா போடுறது சந்தனச் சோப்பு. புள்ளை வந்து மடியில ஏறுனா அக்கா வந்து ஏறுன மாதிரி இருக்கும். முகர்ந்து பாத்தா என் புள்ளையே இல்ல. எனக்குச் சந்தன வாசம் ஆகாதுங்க, தலைவலி வரும். அதான் விசயம், வேற ஒண்ணுமில்ல.

அக்காவுக்குப் புள்ளை இல்லாமலா இருக்குது? பையன் இருக்கான், இஞ்சினியர் காலேஜ்ல. ஆறாவதுலயே ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல்ல போட்டுட்டாங்க. மார்க்கு, மார்க்குன்னு எல்லாரும் போடறாங்கல்ல, அப்பிடித்தான். ஒரு தடவை அக்கா, "அவனுக்குத் தலை தேச்சு விட்டது ஆறாவதோட நின்னுபோச்சு கோகிலா. லீவுக்கு வந்தா பாத்ரூம் கதவைச் சாத்திக்கறான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. சொல்லிட்டு அடுப்பைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. சரி, நீ உன் பையனை ஹாஸ்டல்ல போட்டா அதுக்கு என் புள்ளைதான் கெடைச்சாளா?

டீ ஆறுதுங்க, குடிங்க. சொல்லிட்டேதான இருக்கேன்.

ஒரு நா கறவை முடிச்சுட்டு மோட்டார் போட வந்தேன். தன்ஷிகா என் சேலையைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. இந்த டேங்க் எதுத்தாப்புல நிக்குது. வளையல்ல கோத்திருந்த ஊக்கை எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு கேட்டா எனக்கே தெரியலீங்க, கை தானாப் போச்சு. வால்வு நடுவுல அந்தச் சின்னக் குச்சியை அமுத்துனேன். உஸ்ஸ்ஸ். சின்ன வயசுல எதிரிப் பசங்க சைக்கிள்ல செஞ்சதுதான். இவ பயந்துட்டு, "என்னம்மா அது?"ன்னா. "டேங்க் தூங்கி எந்திரிச்சுப் பெருமூச்சு விடுது சாமி"ன்னேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "இன்னொரு தடவை விடச் சொல்லும்மா"ங்கறா. புள்ளை கேட்டுருச்சேன்னு இன்னொரு தடவை.

அப்புறம் தினமும் காலையில ஒரு பெருமூச்சு. கொஞ்சம்தானுங்க. ஒரே நாள்ல இறக்கிவிட்டாத் தெரிஞ்சுருமில்ல.

காத்து கொறஞ்சா ஷவர் என்ன ஆகும், உங்களுக்குத் தெரியாததா? தண்ணி சோன்னு வரும், படக்குனு சுருங்கும், மோட்டார் ஓடும், மறுபடி சோன்னு வரும். சரி, புள்ளை மெரண்டுக்கும், நாளைக்கு அம்மாதான் வேணும்னு வரும்னு நெனச்சேன். போய் வெளிய நின்னு கேட்டேன். உள்ள அக்கா, "மழை போச்சு... போச்சு... எங்க போச்சு? இந்தா வந்துருச்சு!"ன்னு கத்துது. இவ கெக்கெக்கேன்னு சிரிக்குறா. தண்ணி சுருங்குறதையே ஒரு ஆட்டமாக்கிருச்சுங்க அந்தப் பொம்பளை! நான் வெளிய துண்டை வெச்சுக்கிட்டு நிக்குறேன், யாரும் என்னைக் கேக்கலை.

அன்னிக்கு ரெண்டு பெருமூச்சு விட வெச்சேன்.

இதுல ஒரு அதிசயம் பாருங்ணா. காலையில நான் நல்லா இறக்கி விட்டிருப்பேன். மறுநாள் ஊக்கை வெச்சா மறுபடியும் உஸ்ஸுனு பலமா வரும். எனக்கே ஆச்சரியம். அஸ்பெஸ்டாஸ் கூரை சூட்டுல காத்து பெருகுது போலன்னு நெனச்சுக்கிட்டேன். வெயில்ல நிக்கற லாரிக்கு டயர் காத்து ஏறுமில்ல? அந்த மாதிரி. இன்னொண்ணு, வால்வு மேல கறுப்பு மூடி ஒண்ணு இருந்துச்சு. எரிச்சல்ல அதைச் சோளக்காட்டுக்குள்ள வீசிட்டேன். அடுத்த நா பாத்தா ஒரு நீல மூடி. அதையும் வீசுனேன். அப்புறம் ஒரு செவப்பு. இப்ப நீங்க எடுத்தீங்களே, அந்த மஞ்ச. அக்காவுக்கு எதையும் மூடி வெக்கோணும். டிவி ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் உறை போட்ட ஆளு.

சாயங்காலமானா இன்னொரு கூத்து. இவளும் அக்காவும் இந்த மோட்டார் ரூம் பக்கம் வருவாங்க. என்னமோ விளையாட்டு. நான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துட்டு வரும்போது பாப்பேன், ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துப் போவாங்க. "என்ன விளையாட்டு கண்ணு?"ன்னா, "சொல்ல மாட்டேன், பெரியம்மா சத்தியம் வாங்கியிருக்கு"ங்கறா. பெத்தவகிட்டச் சொல்லக்கூடாத விளையாட்டு என்னங்க விளையாட்டு? ஓடிப் புடிச்சு ஆடுதோ என்னமோ, அக்கா ராத்திரியில கெண்டைக்காலுக்குத் தைலம் தேச்சுக்கும். இந்த வயசுல ஆடுனா கால் சும்மா விடுமா? திடீர்னு ஒரு நா சோறு ஊட்டும்போது இவ ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சா, நிறுத்தவே இல்ல, நூறு வரைக்கும் ஒரே மூச்சு. பால்வாடி டீச்சரே இன்னும் இருபதுலதான் இருக்குறாங்க. "யாரு சாமி சொல்லிக் குடுத்தா?" "பெரியம்மா." நான் பெத்தேன், பால் குடுத்தேன், நூறை அக்கா குடுத்துருச்சு. அன்னிக்குச் சோறு எனக்கு எறங்கலீங்க.

அந்த ஆத்திரத்துலதான் போன மாசம் ஒரு நா, வெச்ச ஊக்கை எடுக்கவே இல்ல, அமுத்துனவாக்குலயே நின்னேன். உஸ்ஸு நிக்குற வரைக்கும் நின்னேன்.

அதுக்கப்புறம்தான் வெனை. மோட்டார் நிமிசத்துக்குப் பத்து தடவை ஓடி ஓடி நின்னு, ஒரு வாரத்துல வைண்டிங் கருகிப் போச்சு. கருகுனா யாருக்குத் தண்ணி இல்ல? ரெண்டு வீட்டுக்கும் இல்ல. நாலு நாளு நான் தோட்டத்துக் கெணத்துல இருந்து இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு சுமந்தேன். அக்காவுக்கும் சேத்து நாந்தான் சுமந்தேன், அதுக்குக் கால் வலி. அதைச் சொல்லிச் சிரிக்காதீங்க, எனக்கே சிரிப்பு வருது.

மோட்டாரு மாட்ட வந்தவரு, இதுல யாரோ கை வெச்சிருக்காங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பெரிய மாமா வாசல்ல நின்னுக்கிட்டு ஒரே சத்தம். "யாரு இதுல கை வெச்சது? சொல்லுங்க, யாரு?"ங்கறாரு. நான் குனிஞ்சு குடத்தைத் தேச்சுக்கிட்டிருந்தேன். அப்ப அக்கா வந்து, "நான்தானுங்க. தொடைக்கும்போது தெரியாம அந்த வால்வைத் திருகிட்டேன்"னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. ஓ, அக்காவும் திருகியிருக்குது போல, என்மேல மட்டும் தப்பில்லைன்னு ஒரு ஆறுதல். மாமா போன அப்புறம் நான்கூட அக்காகிட்டப் போய், "தெரியாததுல எல்லாம் கை வெக்கலாமாக்கா? மெசினு விசயம், என்னைக் கேட்டிருக்கலாமில்ல?"ன்னு புத்தி சொன்னேன். அக்கா என்னைப் பாத்துச்சு. "இனிமே கேட்டுக்கறேன் கண்ணு"ன்னுச்சு.

புது மோட்டார் வந்தும் டக்கு டக்கு நிக்கல. நிக்காதுங்க, டேங்க்குல காத்துதான் இல்லையே. நான் அதுல ஊக்கை வெச்சு ரெண்டு வாரம் ஆச்சு, ஆனா போன காத்து போனதுதான? இந்தத் தடவை தானா ஏறவும் இல்ல. மாமா கண்டிசனாச் சொல்லிட்டாரு: மோட்டார் ரூம் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது, டேங்க்கையே எடுத்துரோணும்.

நேத்துச் சாயங்காலம் அக்கா எங்க வீட்டுக்கு வந்துச்சு. ஒரு பையில புள்ளையோட துண்டு, ரெண்டு ஜட்டி, அந்த வாத்து பொம்மை, சோப்பு டப்பா. "நாளைக்கு டேங்க் போகுது. இனி நீயே குளிக்க வெச்சுக்க கோகிலா. கண்ணுல சோப்பு பட்டாத்தான் கத்துறா. தலையை அண்ணாந்து பிடிச்சு, நெத்தியில கையை வெச்சுக்கிட்டு ஊத்து, கத்த மாட்டா"ன்னுச்சு. எனக்கே சொல்லித் தருது! வாயில வந்துச்சுங்க, நல்லா கேக்கோணும்னு. அப்புறம் டப்பாவைப் பாத்தேன். உள்ள சந்தனச் சோப்பு இல்ல. எங்க மஞ்ச சோப்பு. "உனக்குச் சந்தன வாசம் ஆகாதில்ல, தலைவலி வரும்னு அன்னிக்குச் சொன்னியே"ன்னுச்சு. எப்ப மாத்துச்சுன்னு தெரியல. நானும் கொஞ்ச நாளா முகர்ந்து பாக்கறதை விட்டுட்டேன். அவ்வளவுதான், போய்க் கதவைச் சாத்திக்கிச்சு.

இன்னிக்குக் காலையில நான் குளிக்க வெச்சேனுங்க. அண்டாவைத் தேச்சுக் கழுவி, சுடுதண்ணி வெளாவி, அக்கா சொன்ன மாதிரியே நெத்தியில கையை வெச்சு ஊத்துனேன். கத்தல. ஓடல. கண்ணை மூடிக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, வாத்தியாருகிட்ட அடி வாங்கற புள்ளையாட்டம் நின்னா. நானே, "போச்சு, போச்சு, மழை எங்க போச்சு?"ன்னேன். "இது மழை இல்லம்மா, செம்பு"ன்னா. ஓடியிருந்தாத் துரத்தியிருப்பேன். கத்தியிருந்தா ரெண்டு வெச்சிருப்பேன். துவட்டித் தூக்குனேன். கழுத்தைக் கட்டிக்கல. "பெரியம்மா எங்கூட டூவா?"ன்னு கேட்டா.

அதானுங்க உங்களைக் கழட்ட வேண்டாம்னேன்.

ஒரு உதவி பண்ணுங்ணா. மாமாகிட்ட, வால்வுல தூசி அடைச்சிருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிருங்க. பொய்யில்ல, பாதி நெசம். நீங்க வெளியூரு, உங்ககிட்டச் சொன்னது இந்த டேங்க்கோட போகட்டும். இப்ப ஆக வேண்டியதைப் பாப்போம். மோட்டார் சுவிட்சை அமுத்தி நிறுத்துங்க. அந்த அடிக்குழாயைத் திறந்து மொதல்ல தண்ணியை எல்லாம் வடிக்கோணும். மீட்டர் முள்ளு சுழிக்கு வந்து படுக்கோணும். அப்புறம்தான் காத்து. மோட்டார் எத்தனையில ஓட ஆரம்பிக்குது? இருபதா? அப்ப காத்து பதினெட்டு பாயிண்ட். சரிங்களா? பாருங்க, தலையாட்டுறீங்க.

காத்தடிக்க ஒண்ணும் கொண்டு வரலையா? ஆமா, நீங்க கழட்டத்தான வந்தீங்க. எங்கிட்ட ஒரு மிதி பம்ப் இருந்துச்சு. எங்கப்பா கம்ப்ரசர் வாங்குனதும் பழசை எனக்குக் குடுத்துட்டாரு. ரெண்டு மாசமாக் காணோம். என் வீட்டுக்காரரு யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாருன்னு மூணு நாளு அவருகூடப் பேசல. அவரு சாமி சத்தியமா நான் எடுக்கலங்கறாரு. எங்க வீட்டுல ஒரு பொருள் தங்காதுங்க. புள்ளைக்கு வாங்குன ஸ்கெட்ச் பேனா டப்பா, பன்னெண்டு பேனா, அத்தனைக்கும் மூடியைத் தொலைச்சுட்டா, எல்லாம் காஞ்சு...

என்னங்ணா? அடிக்குழாய் அந்தச் சாக்குக்குப் பின்னாலதான். சாக்கைத் தள்ளிட்டு... சாக்குக்கு அடியிலயா? என்ன இருக்குது? இழுங்க வெளிய.

இது எங்கப்பா பம்ப்பு.

எங்கப்பா பம்ப்புதாங்க இது. மிதிக்கற எடத்துல டியூப் துண்டு ஒட்டியிருக்குது பாருங்க. கால் வழுக்குதுன்னு நான் எட்டாவது படிக்கையில ஒட்டுனது. இது எப்பிடி இங்க...

இருங்க. 

அந்த மஞ்ச மூடியை இப்பிடிக் குடுங்க. இது பேனா மூடிங்க.

நூறு. நூறு வரைக்கும் எண்ணுறாளே, எதைப் பாத்து எண்ணியிருப்பா? மிதிக்க மிதிக்க எண்ணியிருக்கா. அக்கா மிதிக்கும், இவ எண்ணுவா. வேர்க்கத்தான வேர்க்கும். கெண்டைக்கால் வலிக்கத்தான வலிக்கும். ஐயோ, கூரைச் சூட்டுல காத்து ஏறுதுன்னு நெனச்சனே, பஞ்சர் கடைக்காரர் மகளுக்கு இந்தப் புத்தி எங்கிங்க போச்சு? இவ சொல்லியிருப்பா. "பெரியம்மா, எங்கம்மா டேங்க்கைப் பெருமூச்சு விட வெப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பா. அவளுக்கு என்ன தெரியும்? பம்ப்பையும் அவதான் இழுத்துட்டு வந்து குடுத்திருப்பா.

ஒண்ணரை மாசமுங்க. காலையில நான் விட்டதைச் சாயங்காலம் அக்கா அடிச்சிருக்குது. ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? சண்டை போட்டுட்டுப் புள்ளையை அனுப்பாம நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருப்பேனுங்க. அது அக்காவுக்குத் தெரியும். "நான்தானுங்க திருகிட்டேன்"னு மாமாகிட்டச் சொன்னதும்... நான் வேற போய், தெரியாததுல கை வெக்கலாமாக்கான்னு கேட்டேன். இந்த வாயாலதான் கேட்டேன்.

இல்லீங்க, அழுகல. தூசி.

ஆனா அக்கா தப்பாத்தான் அடிச்சிருக்குது பாருங்க. தண்ணியை வடிக்காம அடிச்சிருக்குது. தண்ணி ரொம்பி நிக்கற டேங்க்குக்குக் காத்தடிச்சா, மீட்டர் பாட்டுக்குக் காட்டும், உள்ள ஏற வேண்டியது ஏறாது. மிதிக்கறதும் கல்லை மிதிக்கற மாதிரி இருக்கும். அதுல நூறு மிதி, தினமும். நான் முழுசா இறக்கிவிட்ட அன்னிக்கு எத்தனை மிதிச்சுதோ. அது ஒண்ணு மட்டும் அக்காவுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா மோட்டார் கருகியிருக்காது. "இனிமே கேட்டுக்கறேன் கண்ணு"ன்னு சொல்லுச்சில்ல, அதை நாந்தான் சொல்லித் தரோணும். வேற யாரு இருக்கா?

சொல்லித் தரோணும்னா, நான் என்ன பண்ணுனேன்னும் சொல்லோணும். தெரியுதுங்க. தெரியாமலா இருக்குது.

நீங்க குழாயைத் திறந்து விடுங்க. தண்ணி வடியட்டும். பம்ப்பை இப்பிடி வாசல்ல வெளிச்சத்துல வையுங்க, அக்கா கதவைத் திறந்ததும் கண்ணுல படட்டும்.

அக்கா! சாந்தாமணியக்கா! கதவைத் திறங்க. டேங்க்கைக் கழட்டலீங்கக்கா. மெக்கானிக் அண்ணன் சும்மாதான் நிக்குறாரு. வெளிய வாங்க, என்னைத் திட்டோணும்னா வந்து திட்டுங்க, சன்னல்ல இருந்து பாக்காதீங்க. பம்ப்பு கெடைச்சிருச்சு. தண்ணியை வடிச்சுட்டுத்தான் காத்தடிக்கோணும்க்கா! இத்தனை நாளும் கல்லை மிதிச்சிருக்கீங்க!

பன்னெண்டு மணிக்கு எண்ணுறதுக்கு ஆள் வந்துரும். ஐம்பது வரைக்கும் நீங்க மிதிங்க. ஐம்பதுக்கு மேல நாந்தான் மிதிப்பேன், சொல்லிட்டேன்.